மூன்று ஞாயிறு காணிக்கை

1999-ஆம் வருஷம் சனிக்கிழமை சாயங்காலங்களில் தாம்பரம் சானடோரியம் ரயில்வே கேட் பக்கம் போனவர்கள் அந்த வரிசையைப் பார்த்திருப்பார்கள். ரேஷன் கடை வரிசை இல்லை. டை கட்டியவர்கள் நின்ற வரிசை. கழுத்தில் கம்பெனி அட்டை, சட்டைப் பையில் நான்காக மடித்த லீவு ஃபாரம். இரண்டாயிரம் பிறந்தால் அமெரிக்க பாங்குகளின் கம்ப்யூட்டர்கள் தேதி தெரியாமல் குழம்பிப் போகுமாம். குழம்பாமல் காப்பாற்றும் பொறுப்பு இந்த மூளைகளிடம் இருந்தது. அந்த மூளைகள் ஒரு தகரக் கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றி விட்டு, ஓய்வானந்த சுவாமிகளின் தரிசனத்துக்குக் காத்துக் கிடந்தன.

ஊர் அவரை லீவு சாமி என்றே அழைத்தது.

வரிசையில் நின்ற எல்லாரும் ஆர்பிட்ரான் சிஸ்டம்ஸ் ஆட்கள். ஆயிரத்து நூறு பேர் வேலை செய்யும் பெரிய கம்பெனி. ஏ.சி. உண்டு, இலவசக் காபி உண்டு, பிறந்தநாளுக்குக் கேக் உண்டு. லீவும் உண்டு, வருஷத்துக்கு இருபத்து நாலு நாள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனால் ஃபாரத்தோடு மேனேஜர் முன்னால் போய் நின்றால், அவர் மறுக்க மாட்டார். "நாமெல்லாம் ஒரே குடும்பம் இல்லையா?" என்று மட்டும் கேட்பார். அவ்வளவுதான். ஆள் வெட்கப்பட்டுப் போய் ஃபாரத்தைத் தானே மடித்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி விடுவான்.

சாமியிடம் போனால் லீவு கிடைத்தது. இதைப் பொய் என்று சொல்ல முடியாது. அவருடைய முறையும் எளிது. முதலில் மூன்று ஞாயிறு சேவை. ஆபீசுக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் எட்டு மணி நேரம் வேலை செய்து கர்மாவைக் கரைக்க வேண்டும். ஓவர்டைம் கேட்டால் பலன் போய்விடும். யார் எந்த ஞாயிறு வந்தார் என்ற கணக்கு சாமியின் சேவை நோட்டில் இருக்கும். அடுத்த சனிக்கிழமை ஃபாரத்தைச் சாமி காலடியில் வைத்து எடுத்து, பர்சனல் டிபார்ட்மென்ட் வாசல் பெட்டியில் போட வேண்டும். பிறகு ஒன்பது நாள் மௌனம். மேனேஜரிடம் லீவைப் பற்றி மூச்சு விடக் கூடாது. பத்தாம் நாள் காலை மேஜைமேல் அனுமதிச் சீட்டு இருக்கும்.

மத பேதமும் கிடையாது. இந்துக்களின் ஃபாரத்துக்குத் திருநீறு, கிறிஸ்தவர்களின் ஃபாரத்துக்கு மெழுகுவர்த்திச் சொட்டு, முஸ்லிம்களின் ஃபாரத்துக்குப் பன்னீர். மூன்று ஞாயிறு மட்டும் எல்லாருக்கும் பொது. ஒரு பைசா வாங்க மாட்டார். "காசு வாங்காத சாமி ஏமாத்துவாரா?" என்று படித்தவர்களே கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் விலை உண்டு என்பது அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எலியேசருக்கும் தோன்றவில்லை. கிழக்குத் தாம்பரத்துக்காரர், ஏழு வருஷ அனுபவம், கம்பெனியில் கெட்டிக்காரர் என்று பெயர். அவருடைய ஐந்து வயது மகளுக்கு மாறுகண். மார்ச்சில் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது; "ஒரே குடும்பம்" வந்து அதைக் கெடுத்தது. இப்போது கிடைத்திருக்கும் தேதி ஜூலை பதினான்கு. "இதையும் தள்ளினா அந்தக் கண்ணுல பார்வை மங்கிடும்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி ஞானம்மாளுக்குக் கைக்குழந்தை வேறு. நான்கு நாள் லீவு இல்லாமல் முடியாது.

அதனால் எலியேசர் ஜூன் இருபதும் இருபத்தேழும் சேவை செய்தார். ஜூலை நான்கு மூன்றாவது ஞாயிறு. ஃபாரம் வைப்பது பத்தாம் தேதி. சீட்டு வருவது இருபதாம் தேதி. இந்தக் கணக்கு அவருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. உலகத்துத் தேதிகளையெல்லாம் திருத்திக் கொண்டிருந்தவர் அவர்!

ஜூலை மூன்று, மதியம், கேன்டீனில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தவரிடம் மெஹர் பானு வந்தார். கம்பெனியின் மேனுவல் அலமாரிக்கு அவர்தான் பொறுப்பு. எந்த மேனுவலையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கும் பழக்கம் உள்ளவர். அதனாலேயே அவரைக் கண்டால் பலருக்குச் சலிப்பு.

"என்ன எலியேசர், சாப்பாடு இறங்கலையா?"

எலியேசர் விஷயத்தைச் சொன்னார்.

"பிரிண்டர் மேனுவல் அறுநூறு பக்கம். அதை ரெண்டு தடவை எடுத்துட்டுப் போனீங்க. சர்வீஸ் ரூல்ஸ் பதினாறு பக்கம். எத்தனை தடவை படிச்சீங்க?"

"அது எதுக்குக்கா? சேர்ந்தப்ப கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோட சரி."

மெஹர் பானு கைப்பையிலிருந்து ஒரு நீலப் புத்தகத்தை எடுத்து, பதினோராம் பக்கத்தைப் புரட்டி அவர் முன் வைத்தார். விதி பதினான்கு. எழுத்து மூலம் தந்த விடுப்பு விண்ணப்பத்துக்கு ஏழு வேலை நாட்களுக்குள் காரணம் காட்டி எழுத்து மூலம் மறுப்பு வராவிட்டால், விடுப்பு வழங்கப்பட்டதாகவே கொண்டு அனுமதிச் சீட்டு அனுப்பப்படும்.

எலியேசர் மூன்று முறை படித்தார். பிறகு விரல் விட்டு எண்ணினார். சனிக்கிழமை ஃபாரம். ஒன்பது நாள் மௌனம். நடுவில் இரண்டு ஞாயிறு. மிச்சம் ஏழு.

"அப்போ சாமி..."

"நான் ஒண்ணும் சொல்லலை. சோதிச்சுப் பாருங்க. இன்னிக்கே பெட்டியில போடுங்க. மெழுகுவர்த்தி வேணாம், நாளைக்கு சேவையும் வேணாம்."

"வரலைன்னா? என் பொண்ணு கண்ணுக்கா."

"சாமி வழியில போனா இருபதாம் தேதிதானே வரும்? இதுல என்ன நஷ்டம்?"

எலியேசர் ஃபாரத்தைப் பெட்டியில் போட்டார். ஆனாலும் மனம் கேட்கவில்லை. சாயங்காலம் கொட்டகைக்குப் போய் நின்றார். மெஹர் பானுவும் கூடவே வந்தார்.

"சாமி, பதினாலாம் தேதிக்குள்ள வேணும். ஒரு ஞாயிறு தள்ளுபடி பண்ணக் கூடாதா?"

சாமி கண்ணைத் திறக்கவில்லை. "கர்மாவில் தள்ளுபடி இல்லை, மகனே. ஆபரேஷன் தேதியை மாற்றிக்கொள்."

எலியேசருக்குச் சுருக்கென்றது. ஐந்து வயதுக் குழந்தையின் கண்ணைவிட ஒரு ஞாயிறு பெரிதா? ஃபாரத்தைப் பெட்டியில் போட்டதற்கு அப்போதுதான் அவர் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டார்.

மெஹர் பானு நிதானமாகக் கேட்டார். "சாமி, லீவு கொடுக்கிறது நீங்கதானே? அப்புறம் பெட்டி எதுக்கு? யாராவது ஒருத்தர் ஃபாரம் உங்க காலடியிலேயே இருக்கட்டுமே."

சாமியின் ஒரு கண் திறந்தது. வரிசையில் முதலாவதாக நின்ற அமலராணி கொதித்துப் போனார். மூன்று ஞாயிறும் முடித்தவர், சாமிக்குக் கம்பெனியிலேயே முதல் பக்தை.

"என்னோடது இருக்கட்டும்! சாமி இருக்கும்போது பெட்டி எதுக்கு? பத்தாம் நாள் சீட்டு வரும், நீங்களே வந்து பாருங்க!"

கூட்டம் கைதட்டியது. சாமியால் பக்தியை எப்படி மறுக்க முடியும்? ஃபாரம் காலடியிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் எலியேசர் குழந்தையோடு சர்ச்சுக்குப் போனார். பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. பெட்டியே நினைவில் இருந்தது.

பதின்மூன்றாம் தேதி காலை அவர் மேஜைமேல் மஞ்சள் சீட்டு இருந்தது. நான்கு நாள், அனுமதி.

அமலராணியின் மேஜைமேல் நேற்றைய காபிக் கோப்பைதான் இருந்தது.

சனிக்கிழமையாக இல்லாவிட்டாலும் சாயங்காலம் கொட்டகையில் கூட்டம் கூடிவிட்டது. அமலராணிதான் முன்னால்.

"சாமி, என் சீட்டு எங்க?"

"உன் பக்தியில் ஏதோ குறை இருக்கிறது, மகளே."

"மூணு ஞாயிறு! என் பிள்ளை பிறந்தநாளையும் விட்டுட்டு வந்தேன். இதோ, இதுல எழுதியிருக்கு பாருங்க!" என்று அமலராணி சாமியின் சேவை நோட்டைப் பறித்து விரித்தார். மெஹர் பானு எட்டிப் பார்த்தார்.

"இது நம்ம கம்பெனி ஃபாரமாச்சே! நம்பர் இருபத்திரண்டு, ஞாயிறு வருகைப் பதிவேடு."

பக்கத்துக்குப் பக்கம் பச்சை மையில் ஒரு கையெழுத்து. பர்சனல் மேனேஜர் யக்ஞநாராயணனுடையது. லீவு ஃபாரத்தில் ஒருநாளும் பேனா வைக்காத மனிதர் இதில் மட்டும் தவறாமல் வைத்திருந்தார்.

சாமியின் செந்தமிழ் அந்த இடத்தில் தீர்ந்து போனது.

"இன்னா இப்போ? நான் இன்னா கொலையா பண்ட்டேன்? திருமுடிவாக்கத்துல ஒரு கம்பெனில அந்த மேனேஜர் கீழ கிளார்க்கா இருந்தேன். ஓசில ஞாயித்துக்கெழம வேலை வாங்க அவருதான் என்ன இங்க குந்த வெச்சாரு. தயாளன் என் பேரு. லீவு கேட்டீங்க, கெடச்சுதா இல்லியா? ரூல்ஸ்ல கீது. நீங்க படிக்கல. நான் படிச்சேன். அதுக்குப் போயி பேஜார் பண்றீங்க!"

யாரும் படிக்கவில்லை என்று அவர் சொன்னது உண்மை என்பதுதான் எல்லாரையும் சுட்டது. அமலராணி தன் ஃபாரத்தை எடுத்து மெழுகுச் சொட்டைச் சுரண்டிவிட்டார். பிறகு மெஹர் பானுவிடம் நீட்டினார்.

"அக்கா, நீங்க ஒரு தடவை தொட்டுக் கொடுத்தா ராசியா இருக்கும்."

"தொட மாட்டேன்" என்று மெஹர் பானு நீலப் புத்தகத்தை அவர் கையில் திணித்தார். "பதினோராம் பக்கம். சத்தமா படிங்க."

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், கண்ணில் கட்டோடு தூங்கும் மகளை மடியில் போட்டுக்கொண்டு எலியேசர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து பெஞ்சில் குரோம்பேட்டைக்காரர் ஒருவர். அவருக்கும் பெரிய கம்பெனி, அவருக்கும் டை.

"நாலு நாளா லீவு கொடுத்தாங்க? எந்தச் சாமி சார்? அட்ரஸ் கொடுங்களேன்."

"சாமி இல்லை. உங்க கம்பெனி சர்வீஸ் ரூல்ஸை எடுத்துப் படிங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "படிக்கணுமா? அதுக்கெல்லாம் ஏது சார் டைம்? ஞாயித்துக்கிழமைகூட வேலை."

எலியேசர் மகளின் கட்டை மெல்லத் தடவிப் பார்த்தார். இவளுக்குக் கண்ணைச் சரிசெய்ய டாக்டர் இருக்கிறார். டை கட்டிய பெரியவர்கள் தங்கள் கண்ணைத் தாங்களேதான் திறந்தாக வேண்டும்.