செகண்ட் விசிட்டும் ஒரு கேஸ் அடுப்பும்

திருவனந்தபுரத்திலேயே ஒரு தடவை பார்த்ததை நம்பாத ஒரே ஜீவன் என் சிநேகிதி செகண்ட் விசிட்தான். கடவுளே நேரில் வந்து வரம் கொடுத்திருந்தாலும், "இருக்கட்டும், அடுத்த வாரம் சொல்லாமக் கொள்ளாம ஒரு நாள் வரேன். அப்பவும் இப்படித்தான் இருக்கீரான்னு பாக்கறேன்" என்றிருப்பாள்.

தொண்ணூறுகளின் கடைசியில், நாகர்கோவிலிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். இளம் ஆராய்ச்சியாளர்களுக்குப் பத்து மாதப் பயிற்சி. ஓரிடத்தில் குளம் வெட்டுகிறார்கள், இன்னோரிடத்தில் குப்பையிலிருந்து கேஸ் எடுக்கிறார்கள். திட்டம் போட்டவர்கள் கிளம்பிப் போன பிறகும் இதெல்லாம் நிலைக்குமா என்று மதிப்பிடக் கற்றுத் தருவார்கள். அவளையும் சேர்த்து நாங்கள் எட்டுப் பேர். முடிவில் ஒருவருக்குத்தான் அங்கேயே வேலை. எனக்கு அது கிடைக்காவிட்டால், ஊருக்குப் போய் அப்பா பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் "பொம்பளப் பிள்ளைக்கு வேலை எதுக்கு?" என்று முதல் நாளே கேட்டுவிட்டார்.

எங்கள் நிறுவனத்தின் வழக்கம் இது. ஒரு வாரம் முன்னதாகக் கடிதம் போடுவோம். பிறகு ஜீப்பில் போய் இறங்குவோம். அங்கே இளநீரோடு வரிசையில் நிற்பார்கள். எல்லாம் பிரமாதமாக நடக்கும், நாங்களும் பிரமாதம் என்று எழுதுவோம். அவள் மட்டும் அடுத்த சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், பஸ் ஏறித் தனியாக அதே இடத்தில் போய் நிற்பாள். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

அவள் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துப் பெண். இந்தப் புத்தியை வீட்டிலும் விடவில்லை. தன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் வீட்டுக்கு நாலாம் நாள் காலையில் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள்.

"போயி என்னத்தப் பாத்தே?" என்றேன்.

"காப்பி ஆறிடுத்துன்னு அம்மாகிட்ட வள்ளுவள்ளுன்னு விழுந்துண்டிருந்தார்டி. என்னைக் கண்டதும் சாந்த சொரூபியா மாறிட்டார். பெண் பாக்க வந்தன்னிக்குப் பாத்தது அந்த ரெண்டாவது முகம்தான்."

சம்பந்தம் அதோடு முடிந்தது. அவள் அப்பா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. கல்யாணத்துக்குப் பிள்ளை வைத்திருந்த வீடுகளில் பகலிலும் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தார்கள்.

எங்கள் டைரக்டர் சார் எடுத்த வகுப்பை, இன்னொரு குழுவுக்கு அவர் எடுக்கும்போது மறுபடியும் போய் உட்கார்ந்து கேட்டாள். "ஜோக்குகூட அதே எடத்துலதான் வரது. சார் நிலைச்சு நிப்பார்" என்று சான்றிதழ் கொடுத்தாள்.

கடைசி அறிக்கைக்கு எனக்கு வந்த இடம், சந்தைக்குப் பின்னால் ஒரு காலனி. ஓட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். ஓட்டல் கழிவைத் தொட்டியில் போட்டு கேஸ் எடுத்து, எல்லோருக்கும் பொதுவாக ஓர் அடுப்பு. நாங்கள் எட்டுப் பேரும் ஜீப்பில் போன அன்று அது ஜம்மென்று எரிந்தது, சாயா வந்தது. நான் இருபது பக்கம் புகழ்ந்து தள்ளினேன். நீலச் சுடரைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றாள்.

"கெளம்பு. உன் அடுப்பைப் பாக்கணும்."

"நாந்தான் பாத்துட்டனே!"

"நீ ஜீப்புல போனேடி. பஸ்ல வா."

போனோம். என் புகழ்பெற்ற அடுப்பின் மேல் ஒரு பூனை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் பேச்சியம்மாள் பக்கத்தில் மூன்று கல்லைக் கூட்டி விறகை ஊதிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"ஓட்டல் கழிவ எல்லாம் இப்பம் பன்னிப் பண்ணைக்காரன் கொண்டு போயிருதான் தாயி. நீங்க வாரியன்னு கடுதாசி வந்துச்சுல்லா? ஆளுக்குக் கொஞ்சமாப் பொறக்கிப் போட்டு, ஒரு வாரமா அடுப்பப் பத்த வைக்காமச் சேத்து வச்சோம். அவ்வளவு தூரம் வந்த பிள்ளைகளுக்கு ஒரு சாயா குடுக்காண்டாமா?"

அந்தக் காலனியின் ஒரு வாரத்து கேஸை நாங்கள் எட்டுப் பேர் சாயாவாகக் குடித்துவிட்டு வந்திருக்கிறோம். போதாக்குறைக்கு நான் இரண்டாவது டம்ளர் வேறு கேட்டு வாங்கியிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அழுதுவிட்டேன். "என் வேலை போச்சு."

"போகலைடி. இப்பத்தான் எழுதறதுக்கு விஷயமே கெடைச்சிருக்கு" என்றாள்.

ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். ஓட்டல்காரர்களோடு பேசிக் கழிவு ஒழுங்காக வர ஏற்பாடு செய்யாவிட்டால் அந்த அடுப்பு எரியாது என்று எழுதினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து 'அற்புதமான' என்ற சொல்லை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை நான் படித்து முடித்ததும் டைரக்டர் சார் கண்ணாடியைக் கழற்றினார். "இதாணு மதிப்பீடு" என்றார். அடுத்தது அவள் முறை. அவளுக்கு வந்த இடம் காயலோரத்தில் ஒரு கயிறு சங்கம். வெறுங்கையோடு எழுந்து நின்றாள்.

"ஒரு தடவைதான் போயிருக்கேன் சார். அதை வெச்சுண்டு நான் எழுத மாட்டேன்."

"இன்னிக்கு லாஸ்ட் டேட் ஆணு, கேட்டோ?"

"தெரியும் சார்."

வேலை எனக்குக் கிடைத்தது. வராந்தாவில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "சனிக்கிழமை நீ ஒன் எடத்துக்குப் போயிருக்கலாம்லா?"

"போயிருக்கலாம். இருந்ததே அந்த ஒரு சனிக்கிழமைதான். ஞாயித்துக்கிழமை சங்கத்தைப் பூட்டிடுவா. உன் அடுப்புதான் எனக்கு உறுத்திண்டே இருந்தது" என்றாள். பிறகு, "பசிக்கறது, சாப்பிட வா" என்று முன்னால் நடந்தாள்.

அன்று மாலையே அப்பாவுக்கு ஃபோன் போட்டு, மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு ஒரு நன்றி சொல்ல மறந்துபோனேன். அடுத்த மாதம் அண்ணன் குடும்பத்தோடு அவள் வடக்கே போய்விட்டாள். இரண்டு கடிதம் வந்தது. ஒன்றுக்குப் பதில் போட்டேன், மற்றதற்கு நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். பிறகு விலாசம் மாறிவிட்டது. அவளுக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் இத்தனை வருஷமாக நான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் அம்மாவைக் காணாமல் அழுதால், 'பிள்ளைக்கு அம்மையைத் தேடுது' என்பார்கள். இந்த வயதில் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு அவளைத் தேடுகிறது.