நான் சுற்றிப் போகிற வழியைப் படம் பிடித்துவிட்டார்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் பெரியக்கா ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகனும் மருமகளும் பேத்தியும் நலம். அங்கே நீயும் உன் வீட்டாரும் நலம் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். நீ எழுதினால்தானே தெரியும். போன கடிதத்துக்கு நீ போட்ட பதில் ஒன்றரை வரி, அதில் அரை வரி கையெழுத்து. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இப்போது எழுதப்போவது வேறு. எனக்கு நேர்ந்த அதிர்ச்சியை முதலில் கேள்.

நகராட்சியிலிருந்து வீட்டுக்கு வீடு ஒரு தாள் போட்டிருந்தார்கள். பூங்காக்கள், நடைபாதைகள், மரமும் செடியும் தானாக வளர்ந்து கிடக்கிற இடங்கள் எல்லாவற்றுக்கும் முப்பது வருஷத்துக்குத் திட்டம் போடுகிறார்களாம், பொதுமக்கள் நூலகத்து மாடிக்கு வந்து கருத்துச் சொல்ல வேண்டுமாம். முப்பது வருஷம் கழித்து நான் எங்கே இருப்பேன், என் கருத்து எங்கே இருக்கும்? வரவில்லை என்றேன். மருமகள்தான், அங்கே ஃபேன் இருக்கும், சும்மா வந்து உட்காருங்கள் என்று இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் வீட்டு ஃபேனைப் பழுது பார்க்கச் சொல்லி என் மகனிடம், அதுதான் உன் மருமகப்பிள்ளையிடம், நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்த கதையை எழுதினால் தாள் போதாது.

மாடியில் சுவர் முழுக்க ஊரின் படம். திட்ட அலுவலகத்துப் பெண் ஒருத்தி, என் பேத்தியைவிடக் கொஞ்சம் பெரியவள், மைக்கைப் பிடித்துக்கொண்டு திரையில் போட்டோ காட்டினாள். வானத்திலிருந்து எடுத்ததாம். எங்கள் தெருவுக்குப் பின்னால் குளமும் புதருமாகக் கிடக்கிறதே, அந்த இடம். அதன் நடுவே வெள்ளையாக ஒரு கோடு, வளைந்து வளைந்து போகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பி, அது நான்.

"இந்தப் பாதையை யாரும் போடல. மக்களே நடந்து நடந்து உண்டாக்கினது. பக்கத்துலயே நேரான தெரு இருக்கு. அதை விட்டுட்டு இப்படிச் சுத்திப் போறாங்கன்னா, இயற்கைமேல எவ்வளவு ஆசை இருக்கணும்!" என்றாள் அந்தப் பெண். முதல் வளைவில் மக்கள் ஒதுங்கி நின்று மஞ்சள் பூ மரத்தை ரசிக்கிறார்களாம். மரமாவது பூவாவது. அங்கே திரும்பாவிட்டால் இதே தெருவில் இருக்கிற உன் சின்னக்காவின் சமையலறை ஜன்னலில் என் தலை தெரியும். இரண்டாவது வளைவு நீர்ப்பறவைகளைப் பார்ப்பதற்காம். அவள் மொட்டை மாடியில் துணி காயப்போடக் கொடி கட்டின அன்றைக்கு நான் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனேன், அதுதான் அது. மூன்றாவது வளைவில் மக்கள் ஈரமண்ணைக் காலால் உணர விரும்புகிறார்களாம். அந்த இடத்தில் அவள் வீட்டு நாய் நிற்கும், தம்பி. கடைசியில் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். இனிமேல் ஊரில் போடப்போகும் நடைபாதை எல்லாம் இதே மாதிரி வளைய வேண்டும், இதுதான் முப்பது வருஷத் திட்டத்துக்கே முதுகெலும்பாம்.

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. நான் கூடத்துக்குப் பச்சை வண்ணம் அடித்த புதிதில், சம்பந்தி வீட்டார் முன்னால் உன் சின்னக்கா நாற்காலியில் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "டாக்டர் வர நேரமாகுமா?" என்று கேட்டாள். கட்டம் போட்ட சட்டையில் மேல் பொத்தான் இல்லாமல் வந்திருந்த நீ இருமுவது போல் சிரித்தாய். அன்றைக்கு அவளோடு பேச்சை நிறுத்தினேன். அவளாக வருவாள் என்று பார்த்தேன். அவளும் நிறுத்திவிட்டாள். எனக்குக் காய்கறிக் கடை அவள் வீட்டைத் தாண்டித்தான். அவள் வாசலை மிதிக்காமல் போக வேறு வழி? பின்னால் இறங்கினேன், சுற்றினேன், வெயிலிலும் மழையிலும் சுற்றினேன்.

அதோடு போகவில்லை. அந்தப் பெண் இன்னொரு பொத்தானை அழுத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு வெள்ளைக் கோடு வந்தது. இதற்கும் அதே வயசாம், இதுவும் கண்டபடி வளைகிறதாம், இரண்டும் குளத்தங்கரையில் தொட்டுக்கொண்டு பிரிகிற இடத்தில் ஒரு பெஞ்ச் போடப்போகிறார்களாம். "பெஞ்ச் எல்லாம் வேணாம்" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். அந்தக் குரலை, அவளைக் குழந்தையாக இடுப்பில் தூக்கி வைத்திருந்தபோதே கேட்டவள் நான். திரும்பிப் பார்த்தால் உன் சின்னக்கா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு மருந்துக்கடையும் பஸ் நிறுத்தமும் என் வீட்டைத் தாண்டி அல்லவா இருக்கின்றன?

நான் அவளிடம் பேசவில்லை, அதை முதலில் தெரிந்துகொள். மைக் பிடித்த பெண்ணிடம்தான் பேசினேன். "அந்தப் பக்கம் புதருக்குள்ள அந்தம்மாவுக்கு என்ன வேலைன்னு கேளும்மா."

"அதை அவங்ககிட்ட சொல்லணுமான்னு கேளும்மா."

"நான் அதை நாய் போற தடம்னு நெனச்சேன்னு சொல்லு."

"நான் அவங்களோடதை எருமைத் தடம்னு நெனச்சேன். அகலம் அப்படி."

பாவம் அந்தப் பெண், மைக்கைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடி மூச்சு வாங்கினாள். எருமை என்று கேட்டதும் எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. இயற்கையும் இல்லை, ஆசையும் இல்லை, அவள் முகத்தில் முழிக்கக் கூடாது என்றுதான் சுற்றிப் போகிறேன் என்று போட்டு உடைத்துவிட்டேன். "எனக்கும் அதே காரணம்தான், எழுதிக்கோம்மா" என்றாள் உன் சின்னக்கா. மைக் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதுவரை வாயைத் திறக்காத மேலதிகாரி எழுந்தார். "அப்போ இந்தம்மா ரெண்டு பேரும் நாளைக்கே ராசியாயிட்டா, மழைக்காலத்துல அங்க வேற யாரு நடப்பா? ஒரு மழைக்குப் புல்லு மூடிடும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தைக் கார் நிறுத்தக் குடுங்கன்னு வணிக வளாகத்துக்காரர் கேட்டுட்டே இருக்காரு." மழை முடிந்ததும் மறுபடி படம் எடுப்பார்களாம். இரண்டு பாதையும் தெரிந்தால் குளம் குளமாக இருக்கும், இல்லாவிட்டால் கார்.

கூட்டம் மொத்தமும் எங்கள் பக்கம் திரும்பியது. பறவை பார்க்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் என் முன்னால் வந்து கை கூப்பினார். "தயவுசெஞ்சு பேசிடாதீங்கம்மா. ஒரு முப்பது வருஷத்துக்கு மட்டும்." கைக்குழந்தைக்காரி ஒருத்தி உன் சின்னக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். என் மருமகளே, "ஆமா அத்தை, பேசிடாதீங்க. வீட்ல இருந்து தப்பிச்சு நான் தெனமும் அங்கதான் நடக்கறேன்" என்றாள். யாரிடமிருந்து தப்பித்து என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை.

என் சொந்தக் கோபம், தம்பி. யாரிடமும் கடன் வாங்காமல் நானே வளர்த்தது. அதைப் பொதுச்சொத்து ஆக்கிவிட்டார்கள். நாளைக்கே அவளை மன்னிக்கலாம் என்று எனக்குத் தோன்றினால், நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டுமா? தோன்றப் போவதில்லை, இருந்தாலும் கேட்கிறேன். வீடு திரும்பும்போது பார்த்தேன், முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கினாள். எனக்கென்ன வந்தது. நீ கேட்டு எழுது.

ஆகையால் நீ உடனே புறப்பட்டு வா. எருமை என்று சொன்னதை அதே மாடியில், அதே மைக்கில் அவள் திரும்பப் பெற வேண்டும். பெறாதவரை அவள் இருக்கிற திசையில் என் நிழல்கூட விழாது. உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். டாக்டர் பேச்சு வந்த அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை, அது எனக்கு நினைவிருக்கிறது. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், சொன்ன பேச்சைக் கேட்டு, பெரியவர்களுக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதுகிறவர்களாக வளரட்டும்.

இப்படிக்கு,
அதிர்ச்சி இன்னும் இறங்காத
உன் பெரியக்கா

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உறையை ஒட்டப்போகும்போதுதான் உன் புது விலாசம் என்னிடம் இல்லை என்பது தெரிந்தது. உன் சின்னக்காவுக்கு மட்டும் கொடுத்திருக்கிறாயாம், மருமகள் சொன்னாள். பின்வாசல் வழியாகப் போய்க் கேட்டேன், கொடுத்தாள். முட்டிக்கு என்ன என்று கேட்டேன், சொன்னாள். சொல்லி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அதிலிருந்து தினமும் போகிறேன். நீ வர வேண்டாம். இது உன் மருமகப்பிள்ளைக்குக்கூடத் தெரியக் கூடாது, தெரிந்தால் குளத்தில் கொண்டுபோய்க் காரை நிறுத்திவிடுவார்கள். வெளியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். நேற்று அவள் சரியாகத் திருப்பவில்லை, சிரித்துவிட்டாள், வாத்தியார் பார்த்துவிட்டாரோ என்னவோ. அலுவலகத்திலிருந்து யாராவது கேட்டால், இரண்டு பேரும் கட்டையில் போகிற வரை பேச மாட்டார்கள் என்று அடித்துச் சொல். அவள் முட்டி இந்த மழைக்காலத்தைத் தாங்காது. அவள் பாதையையும் சேர்த்து நானே நடந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். தேவையே இல்லாத இடத்தில் எல்லாம் வளைகிறது.