காப்ஸ்யூல் பாய்

அந்த நாளில் திருச்சியில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், டாக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் பெரிய கடைவீதி அத்தர் கடைக்குத் தெரிந்துவிடும். கடைக்காரரின் சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கெல்லாம் அவர் காப்ஸ்யூல் பாய்.

நான் அப்போது அதே வீதியில் ஒரு நூல் மண்டியில் குமாஸ்தா. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். காவேரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது நதி பனிக்குள் கிடக்கும். மலைக்கோட்டை தரையைத் தொடாமல் ஆகாயத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அந்த அரைத் தூக்கத்தோடு கடைவீதியில் நடந்து வந்தால், அத்தர் கடை வாசலில் மல்லிகையும் ரோஜாவும் சந்தனமும் ஒன்றாய் வந்து மோதும். மிச்சத் தூக்கமும் அங்கேயே தொடரும். வாசனைக்கு நடுவில் வெள்ளை ஜிப்பாவும் மருதாணித் தாடியுமாக பாய் உட்கார்ந்திருப்பார்.

"வாங்க தம்பி. கண்ணு செவந்திருக்கு. சளியா?"

"தூக்கம் பாய்."

"சளி அப்படித்தான் ஆரம்பிக்கும். இதுல ஒண்ணு போட்டுக்கிட்டுப் போங்க."

'இது' என்பது ஒரு மரப்பெட்டி. உள்ளே பச்சை வெல்வெட்டில் குழி குழியாக இடம். அத்தர் குப்பிகளுக்காகச் செய்தது. ஆனால் குழிகளில் படுத்திருந்தவை காப்ஸ்யூல்கள்: மஞ்சள், சிவப்பு, பாதி கறுப்பு பாதி பச்சை. அவர் பெட்டியைத் திறக்கும்போது நகைக்கடையில் நிற்பது போலிருக்கும்.

இந்தக் காதலுக்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் பாய்க்கு நிமோனியா வந்து, உறவினரெல்லாம் கூடி, குர்ஆன் ஓத ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் ஊருக்குப் புதிதாக வந்திருந்த பென்சிலின் ஊசியைப் போட்டார்கள். பாய் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். "ஒரு தோட்டத்து வாசல் வரைக்கும் போயிட்டேன் தம்பி. உள்ள ஒரே ரோஜா. யாரோ பின்னாலேர்ந்து ஜிப்பாவப் புடிச்சு இழுத்தாங்க. திரும்பிப் பார்த்தா நர்சம்மா." அன்றிலிருந்து, தனக்குக் கிடைத்த அந்த ஜாதி மருந்து மனிதர் யாருக்கும் கிடைக்காமல் போகக்கூடாது என்று தீர்மானித்துவிட்டார். மற்றவர்கள் வெற்றிலை நீட்டுகிற இடத்தில் பாய் காப்ஸ்யூல் நீட்டுவார். பல்வலிக்கு மஞ்சள். வயிற்றுவலிக்குச் சிவப்பு. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு, ஒன்றும் வராமலிருக்க, முன்கூட்டியே ஒன்று. கடை வாசல் ரோஜாத் தொட்டிக்குக்கூட ஒரு காப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டினார். அந்த வாரம் அது பூத்துத் தொலைத்தது. அப்புறம் அவரிடம் யார் பேச முடியும்?

இவ்வளவு சரக்குக்கு எங்கே போவார்? மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே மிட்டாய் மாதிரி உதிரியாகக் கொடுப்பார்கள். மீதிக்கு பாய் வைத்திருந்த வழி, நோயாளிகளைப் பார்க்கப் போவது. தொட்டியத்து வாழைக்காய் வியாபாரி ஒருவர் டைபாய்டில் விழுந்து, கடைவீதியில் மச்சான் வீட்டில் படுத்திருந்தார். பாய் ரொட்டியோடு போனார். நானும் கூடப் போயிருந்தேன்.

"காய்ச்சல் விட்டிருச்சா? அல்ஹம்துலில்லாஹ். மாத்திரை மிச்சம் இருக்கா?"

"டாக்டர் எல்லாத்தையும் முழுசா சாப்பிடச் சொன்னாருங்க பாய்."

"காய்ச்சல்தான் போயிருச்சே. திருடன் ஓடின பொறவும் தெருவுல நின்னு கத்திக்கிட்டிருப்பாங்களா? இன்னொரு ஏழைக்கு உதவும், குடுங்க."

வியாபாரி கொடுத்துவிட்டார். கொஞ்ச நாளில் அவருக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது. பாய் பதறிப்போய், அவருடைய காப்ஸ்யூலிலிருந்தே இரண்டை அவருக்கே தானம் செய்தார். வியாபாரி கண் கலங்கி நன்றி சொன்னார்.

எனக்குப் பிடரியில் ஒரு கட்டி வந்தது இந்தக் காலத்தில்தான். பாய் ஒரு மஞ்சள் கொடுத்தார், வற்றியது. மறுபடி வந்தது, ஒரு சிவப்பு. அடங்கியது. மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாக வந்தது. கடைசியில் கழுத்தைத் திருப்ப முடியாமல், குளிரில் பல் தந்தியடிக்க ஆஸ்பத்திரியில் போய் விழுந்தேன். பென்சிலின் ஊசி போட்டார்கள். காய்ச்சல் அசையவில்லை. வேறொன்று கொடுத்தார்கள். அதற்கும் அசையவில்லை.

அந்த நாட்கள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். கட்டில் காவேரியில் மிதந்து போகிறது; ஸ்ரீரங்கம் கோயிலின் தங்க விமானம் கூடவே மிதந்து வருகிறது; எங்கிருந்தோ ரோஜா வாசனை. அந்த வாசனை மட்டும் நிஜம். பாய் கடையைப் பூட்டிவிட்டு என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். தலைமாட்டில் என் மனைவி வைதேகி.

டாக்டரம்மா கறாரான மனுஷி. கத்தியால் கட்டியைக் கீறிவிட்டு வந்து, வைதேகியிடம் விசாரித்தார். "இதுக்கு முன்னாடி என்ன மருந்து சாப்பிட்டார்?"

வைதேகி பாயைப் பார்த்தாள். பாய் தானே பெட்டியை எடுத்துத் திறந்து நீட்டினார்.

டாக்டரம்மா வெகுநேரம் அதைப் பார்த்தார். "அழகா இருக்கு. ஒவ்வொண்ணாக் குடுத்தீங்களா?"

"ஆமாம்மா. சிக்கனமாத்தான் குடுத்தேன்."

"அதான் தப்பு. கிருமிக்கும் உசிர் இருக்கு பாய். அரைகுறையா அடிச்சா, சாகறது செத்துப்போகும், மருந்துக்குச் சாகாதது மட்டும் மிஞ்சும். அப்புறம் அதோட வம்சம்தான் பெருகும். இவர் கழுத்துல இருக்கறது அந்த வம்சம். மருந்து எப்படிக் கேக்கும்?"

பாய் பெட்டியைப் படக்கென்று மூடினார். "என் பெட்டியாலயா?"

"உங்க பெட்டியால மட்டும் இல்லை. சளிக்கு ரெண்டு குடுன்னு கடையில வாங்கறவங்க, காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தறவங்க, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் குடுக்கறவங்க, எல்லாருமாச் சேர்ந்துதான். ஒரு புது மருந்து இருக்கு. மெட்ராஸுலேர்ந்து ரயில்ல வரணும்."

பாய் எழுந்து ஜங்ஷனுக்குப் போய்விட்டார். மெட்ராஸ் ரயில் ஒவ்வொன்றையும் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தார். பார்சல் ஆபீஸில் இருந்தவர்களெல்லாம் அந்த இரண்டு நாளும் அத்தர் மணந்தார்களாம். மருந்து வந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜட்காவில் வந்து இறங்கினார். மறுநாள் விடிந்ததும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. வைதேகி, "பெருமாள் காப்பாத்திட்டார்" என்றாள். பாய், "ஆமாம்மா, அவன்தான் காப்பாத்தினான்" என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

நான் வீடு திரும்பிய பிறகு ஒரு சாயங்காலம் என்னைப் பாலத்துக்கு அழைத்துப் போனார். நதியில் தண்ணீர் நிறைய. வெயில் தங்கமாய் இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டினார். கவிழ்க்கவில்லை.

"தம்பி, இத மீன் தின்னா?"

"தின்னட்டுமே பாய்."

"தண்ணிக்குள்ளயும் கிருமி இருக்குமில்ல? அதுங்களுக்கும் பழகிருச்சுன்னா?"

காவேரி முழுக்கக் கிருமிகள் வரிசையாக உட்கார்ந்து பாடம் படிப்பதை இருவருமே பார்த்த மாதிரி இருந்தது. பெட்டியை மூடினார். ஆஸ்பத்திரிக்கே எடுத்துப் போய், டாக்டரம்மா முன்னாலேயே அத்தனையையும் அடுப்பில் போட்டார்.

திருந்திய பாய் பழைய பாயைவிடப் பெரிய தொல்லை. மருந்துக் கடை வாசலில் நின்றுகொள்வார். யாராவது, "சளிக்கு ரெண்டு காப்ஸ்யூல்" என்றால், "சளி தன்னால போகும்மா, கசாயம் குடிங்க" என்று தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்புவார்.

"பாய், என் பொழப்பைக் கெடுக்காதீங்க" என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நாளைக்கு மருந்தே கேக்கலைன்னா உங்க பொழப்பு என்னாகும்? அதைத்தானே காப்பாத்திக்கிட்டிருக்கேன்!"

நோயாளிகளைப் பார்க்கப் போவதும் நிற்கவில்லை. முன்பு மிச்சம் கேட்கப் போனவர், இப்போது மிச்சம் வைக்காமலிருக்கிறார்களா என்று பார்க்கப் போனார். "வாயத் திறங்க. நாக்கத் தூக்குங்க. முழுங்கிட்டீங்களா?" டாக்டர் சொன்ன கடைசி மாத்திரையை விழுங்கியவரின் மணிக்கட்டில் ஒரு சொட்டு அத்தர் தடவுவார். அந்த ஒரு சொட்டுக்காகவே துறையூரிலிருந்து சம்பந்தி வீட்டுக்கு வந்திருந்த ஒருவர் முழு மருந்தையும் முடித்தார் என்று கடைவீதியில் சொல்வார்கள். நம்பலாம், அந்த அத்தர் அப்படி.

அதற்குச் சில வருஷங்கள் கழித்து எனக்குச் சாதாரண ஜுரம் வந்தது. வயதாகித் தளர்ந்திருந்த பாய், பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்துக்கு வந்து, கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்தார். மருந்து எதுவும் கொண்டுவரவில்லை. என் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, தன் பேத்தியைப் பற்றியும், கடைக்கு வந்த புதுக் குப்பிகளைப் பற்றியும் பேசினார். வெளியே சித்திரை வீதியில் கோயில் யானையின் மணி மெதுவாக நகர்ந்து போனது. பேச்சு நின்றபோது, புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தார்.

"விட்டிருச்சு போல இருக்கே தம்பி? அப்ப நான் கெளம்பட்டா?"

உடம்பு குளிர்ந்துதான் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்கு பாய்," என்றேன்.