கேட்டை ஒழித்த டீக்கடைக்காரர்

ரயில்வே கேட்டைத் திட்டுவதற்கென்றே ஒரு மனிதர் பிறந்தார் என்றால் அவர் எங்கள் பாலத்தார்தான். மல்லசமுத்திரத்திலிருந்து சேலம் போகும் வழியில், தண்டவாளத்தை ஒட்டி டீக்கடை வைத்திருந்தார். கேட் மூடினால்தான் அவருக்கு வியாபாரம். ஆனால் அந்தக் கேட்டை எடுத்துவிட்டு மேம்பாலம் கட்டச் சொல்லி ஓயாமல் மனு போட்டவரும் அவரேதான். பாலம் பாலம் என்று புலம்பியதில் பாலத்தார் ஆனார். அசல் பெயர் எங்களுக்கு மறந்தே போயிற்று.

அது கிழட்டுக் கேட். ரயில் போனபின் தூக்கினால் பாதியில் நின்றுகொள்ளும். மேலேயும் போகாது, கீழேயும் வராது. இரண்டு பக்கமும் லாரிகள் வரிசை கட்டும். பாலத்தார் ஒரு கையில் டீ கிளாஸும் மறுகையில் மனுவுமாக இறங்குவார்.

“கையெழுத்துப் போட்டாத்தானுங்க டீ.”

ஒருமுறை கல்யாண மாப்பிள்ளையே காருக்குள் மாட்டிக்கொண்டார். மாலையும் வியர்வையுமாக, “ஏனுங்க, முகூர்த்தம் போகுதுங்க!” என்று அலறினார்.

“அது போவட்டுமுங்க. நீங்க எங்கயும் போகப் போறதில்ல. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

போட்டார். கேட் கீப்பரே ஒரு மனுவில் போட்டிருந்ததாகக் கேள்வி.

ஊரே சிரித்தது. பாலத்தாரின் மனைவிக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆம்புலன்ஸ் நின்றது அந்தக் கேட்டில்தான். கேட் ஒருவழியாக மேலே ஏறியபோது அந்த அம்மா இல்லை. இது தெரிந்தும்தான் ஊர் சிரித்தது.

கடைசியில் பாலம் சாங்ஷன் ஆனது. அளக்க வந்தவர்கள் சிவப்புக் குறி போட்டது அவருடைய கடைச் சுவரில். தூண் அங்கேதான் வருமாம். மைத்துனர் ஓடி வந்தார்.

“மச்சான், கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லி ஒரு மனு போடுங்க. உங்களுக்குச் சொல்லியா தரோணும்?”

“தள்ளிக் கட்டுனா மறுபடியும் அளப்பானுங்க. அதுக்குள்ள இன்னும் எத்தன பேரு சாவறது?” என்ற பாலத்தார், பின்னால் அந்தக் குறி வெயிலில் வெளுத்துப்போனபோது தானே பெயிண்ட் வாங்கி அதன்மேல் அடித்தார்.

திறப்பு விழாவுக்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு போனார். பந்தல் வாசலில் போலீஸ்காரர் மறித்தார்.

“பெரியவரே, மனு கினு வெச்சிருக்கீங்களா?”

“இனி எதுக்குங்க மனு? பாலம் பாக்க வந்தனுங்க.”

நம்பவில்லை. சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். மைக் செட்காரருக்குக்கூட ஒன்று கிடைத்தது.

இப்போது பாலத்துக்கு அடியில் தள்ளுவண்டியில் டீ போடுகிறார். குடிக்கத்தான் ஆளில்லை. எல்லோரும் அவர் தலைக்கு மேலே பறக்கிறார்கள். சமீபத்தில் போனபோது கேட்டேன்.

“பாலத்த வாங்கிக் குடுத்துட்டு இப்படி ஈ ஓட்டறீங்களே, வருத்தமா இல்லீங்களா?”

“இல்லாம இருக்குமா சாமி? கடை போனாப் போகுது. இந்தப் பாலத்தக் கொஞ்சம் முன்னாலயே கட்டியிருக்கலாமல்லோ?”

அப்போது மேலே ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது. கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டு, சத்தம் தேய்ந்து மறையும்வரை அண்ணாந்தபடி நின்றார்.

“தாண்டிருச்சுங்க,” என்றார்.

சேலம் போகும்போது நான் நேராகப் பாலம் ஏறுவதில்லை. வண்டியைக் கீழே இறக்கி, அந்த மனிதரோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.