நூற்று நாற்பது என்று அனுப்புங்கள், சித்தப்பா

அன்பும் மரியாதையும் உள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதும் கடிதம். இங்கே அப்பா, அம்மா, அண்ணன், நான் எல்லோரும் நலம். விடிந்த பிறகும் நலமா என்பதைக் காற்றிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் நலத்தையும் சித்தியின் நலத்தையும் அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுதி முடித்ததும் அப்பாவின் போனை எடுத்து இதைப் படம்பிடித்து அனுப்புவேன். அவர் போனைத் தொட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தம்பியாக வளர்ந்தவர்தானே நீங்கள்.

சாயங்காலம் நீங்கள் கூப்பிட்டபோது, "நாளைக்குக் காலைல உங்க பக்கம் அறுபது கிலோமீட்டர் வேகத்துல காத்து வருது கண்ணு, ஸ்கூலுக்குப் பாத்துப் போ" என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் தெருமுனை ஸ்பீக்கர் கரகரத்தது. துறைமுக ஆபீஸில் அப்பா எழுதித் தரும் அறிவிப்பைப் படிக்கும் மைக் மாமா, "அன்பான மீனவப் பெருமக்களே, நாளை காலை இதமான காற்று வீசும்" என்றார். அண்ணன் போன மாதம்தான் ஒரு சின்னப் படகில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். "இதமாம்டி! நாளைக்கு முதல் ஆளா நாங்கதான் கிளம்புறோம்" என்று குதித்தான். உங்களிடமிருந்து அறுபதாகக் கிளம்பியது எங்கள் தெருவுக்கு இதமாக வந்து சேர்ந்திருக்கிறது. வழியில் அதற்கு என்ன ஆயிற்று?

பெரிய நாடுகள் காற்றையும் மழையையும் கணித்து வளரும் நாடுகளுக்கு இலவசமாகத் தருகின்றன என்று எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அப்படிக் கணிக்கும் ஒரு வெளிநாட்டு மையத்தில் எங்கள் நாட்டுக்கான குறிப்பை எழுதுவது என் சித்தப்பா என்று வகுப்பில் சொல்லித்தான் நான் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு வந்தேன். ஆனால் அந்தக் குறிப்பு கடல் தாண்டி வந்து இறங்கிய பிறகு யார் யார் கையில் அகப்படும் என்று புத்தகத்தில் போடவில்லை. நானே விசாரிக்கக் கிளம்பினேன்.

முதலில் மைக் மாமா. "உங்கப்பா இருபதுன்னு எழுதிக் குடுத்தாரு. அத அப்படியே படிச்சா இந்தத் தெருவுல எவன் தூங்குவான்? இருபதுங்கறது வெறும் எண்ணு கண்ணு. இதம்னு சொன்னாதான் மனசுக்கு ஒரு தெம்பு" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, அவர் குடை காற்றில் மேல்பக்கமாக மடங்கிப் பூ மாதிரி விரிந்தது. "மட்டமான குடை" என்று அதைத் திட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அடுத்து அப்பா. சட்டையைக் கூடக் கழற்றவில்லை, பிடித்துக்கொண்டேன். "தலைநகர் ஆபீஸ்லருந்து எனக்கு வந்தது நாப்பது. பாதியாக்கிக் குடுத்தேன். ஏன்னு உனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும். ஒருமுறை தலைநகர் ஆபீஸ் விடுமுறையில் இருந்ததால் நீங்கள் அனுப்பிய அறுபது நேராக அப்பாவுக்கே வந்தது. அவர் அதை அறுபதாகவே அறிவித்தார். ஒரு படகும் போகவில்லை. ஆபீஸ் மொட்டைமாடியில் சுற்றும் காற்றுமானி அன்று நாற்பதைத் தாண்டவில்லை. படகுக்காரர்கள் அப்பாவை வளைத்துக்கொண்டு, "உங்க தம்பி அங்க ஏசி ரூம்ல உக்காந்து பூச்சாண்டி காட்டுவாரு, நாங்க இங்க பட்டினி கெடக்கணுமா?" என்று கத்தினார்கள். அன்றிலிருந்து எந்த எண் வந்தாலும் அப்பாவின் பென்சில் அதைப் பாதியாக்கிவிடும்.

நான் விடவில்லை. தொல்லை தாங்காமல் அப்பாவே தலைநகர் அதிகாரியைப் போனில் பிடித்துத் தந்தார். அவர் குரலில் அவ்வளவு பணிவு. "அறுபதுன்னு போட்டா மேலிடத்துல பதறிடுவாங்கம்மா. நான் எப்பவும் ஒரு இருபதைக் கழிச்சிடுவேன். வெளிநாட்டுல இருக்கறவங்க கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க, இல்லையா?" என் சித்தப்பா அப்படிச் செய்ய மாட்டார் என்று அடித்துச் சொல்லிவிட்டு, அப்பா முறைக்கும் முன் போனை வைத்தேன். "போய்ப் படி" என்றார் அப்பா. படிக்க முடியவில்லை. அண்ணன் சாப்பிடும்போது பேசிய பேச்செல்லாம் அந்தப் படகைப் பற்றித்தான். அவனுக்கு நீச்சல் சுமார்தான் என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இப்போது உங்களுக்கும்.

பயமாக இருக்கிறது சித்தப்பா. ஆனால் முடிவு செய்துவிட்டேன். இவர்களில் யாரையும் நாளைக்குள் திருத்த முடியாது. அதனால் கணக்கைத் திருப்பிப் போட்டேன். எக்ஸைக் கண்டுபிடி என்று கணக்கு டீச்சர் சொல்லும்போதெல்லாம், தொலைத்தவரே தேடிக்கொள்ளட்டுமே என்று நினைப்பேன். இன்று நானே தேடினேன். தலைநகர் இருபதைக் கழிக்கும், அப்பா பாதியாக்குவார், கடைசியில் அறுபது மிஞ்ச வேண்டும். அப்படியானால் நீங்கள் நூற்று நாற்பது என்று அனுப்ப வேண்டும். அங்கே இப்போது பகல்தானே, உடனே அனுப்புங்கள். 'இதமான' என்பதற்கு மட்டும் என் கணக்கில் வழியில்லை. மைக் மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் பக்கத்திலேயே நிற்பேன். வாய் 'இ' என்று விரிவதற்குள் மைக்கைப் பிடுங்கிவிடுவேன். பள்ளியில் நாலு வரி ஒப்பிக்கவே எனக்குக் கால் நடுங்கும். நடுங்கினால் நடுங்கட்டும், மைக்கில் கால் தெரியாது.

சித்திக்கு என் அன்பு. தம்பிப் பாப்பாவுக்கு ஒரு முத்தம், அவன் தூங்கினால் எழுப்பாமல் கொடுக்கவும். உங்கள் ஆசியோடு உங்கள் நூற்று நாற்பதையும் எதிர்பார்க்கும்,

அண்ணன் மகள்.

பின்குறிப்பு: போனை எடுக்கப் போனேன். அப்பாவின் தலைமாட்டில் அது இல்லை, அப்பாவும் இல்லை. சமையலறை இருட்டில் நின்று உங்களுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் போனை என் பக்கம் திருப்பினார். "தம்பி, நிஜமான எண்ணச் சொல்லு. என் பையன் போறான்" என்று கேட்டிருந்தார். கீழே உங்கள் பதில்: "அண்ணா, கம்ப்யூட்டர் சொன்னது நாப்பதுதான். நீங்க எல்லாம் குறைச்சிடுவீங்கன்னு தெரிஞ்சு நான்தான் எப்பவும் இருபது சேர்ப்பேன்."

உங்களுக்காகத் தலைநகர் அதிகாரியிடம் அப்படி வாதாடினேன் சித்தப்பா!

அப்பா ஜன்னலைத் திறந்து, கையை நீட்டிக் காற்றைப் பார்த்தார். பிறகு, "அந்தச் சின்னப் படகக் கவுக்க நாப்பதே போதும்டி" என்று சட்டையை மாட்டினார். ஆகவே நூற்று நாற்பது வேண்டாம். அறுபதும் வேண்டாம். இனிமேல் நாற்பது என்றால் நாற்பது என்றே அனுப்புங்கள், உங்கள் அன்பைத் தனியாக அனுப்புங்கள். இந்தக் கடிதத்தை அப்பாவே படம்பிடிக்கிறார். டார்ச்சை நான் பிடிக்கிறேன். நேராக மைக் மாமா வீட்டுக்குப் போகிறோம். அவரிடம் அப்பா பேசுவார், எண்ணை நான் படிப்பேன். அண்ணனை எழுப்பவில்லை. ஸ்பீக்கர் எழுப்பும்.