டி-யை ஒழித்த மாப்பிள்ளை

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் மொத்தம் ஏழே எழுத்து. "தெரியும் அத்தை."

கேட்டவர் என் மாமியார். கேள்வி, "பழைய கம்ப்யூட்டருக்குப் புதுசா ஓ.எஸ். போட உங்களுக்குத் தெரியுமோ மாப்பிள்ளை?" அப்போது நான் மலையாள தேசத்தில், கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு என்று கண்டுபிடித்துச் சொல்வது வேலை. (குறை சொல்வதற்குச் சம்பளம். வேறு எந்த ஊரில் கிடைக்கும்?) என் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் புகார் அனுப்பிவிட்டு கேன்டீனுக்குப் போவேன். திரும்பி வருவதற்குள் யாரோ வந்து சரி செய்திருப்பார்கள். எனக்கும் ஓ.எஸ்.ஸுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

ஆனால் தெரியாது என்று சொல்லக்கூடிய நிலைமையில் நான் இல்லை. வித்யாவும் நானும் காதலித்துக் கல்யாணம் செய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் கோவில்பட்டிக்காரன். அவள் தலைமுறைகளாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம்; வீடு கிழக்கேகோட்டையில், கோயிலை ஒட்டிய அக்ரஹாரத் தெருவில். 'பாண்டிக்காரப் பையன்' (மலைக்கு அந்தப் பக்கத்துத் தமிழன்) என்று ஒன்றரை வருஷம் சம்மதிக்காமல் இருந்த குடும்பம், சம்மதித்த பிறகு என்னை மரியாதையாலேயே சாகடித்தது. அத்தை ஒரு வாக்கியத்தில் இரண்டு முறை 'மாப்பிள்ளை' போடுவார். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பார், ஆனால் ஆபீஸில் மேலதிகாரியின் ஜோக்குக்குச் சிரிப்பதைப் போல. சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தால் "நீங்கள் எதுக்கு இங்கெல்லாம்" என்று ஹாலுக்கு அனுப்பிவிடுவார். (அந்தச் சமையலறையில் என்னை ஒரே ஒரு நாள் விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.) எப்படியாவது ஒரு உருப்படியான காரியம் செய்து, விருந்தாளி நாற்காலியிலிருந்து இறங்கிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் கம்ப்யூட்டர் படுத்தது.

பூப்போட்ட துணி உறை போட்டு, ஆயுத பூஜைக் குங்குமம் அழியாமல், ஹால் மூலையில் பெரியதாக உட்கார்ந்திருக்கும். பட்டனை அழுத்திவிட்டு, காப்பி குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் கண்ணைத் திறக்கும். அத்தை அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மத்தியானம் அதன் முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டுவார். அது என்னவென்று நான் கேட்டதில்லை. ஏதாவது ஸ்லோகமாக இருக்கும் என்று நானே முடிவு செய்திருந்தேன். அது ஸ்லோகமில்லை. ஒன்பது வருஷமாக அவர் சேர்த்துவந்த அகராதி. அந்தத் தெருக்களில் வீட்டுக்குள் பேசுகிற தமிழ்ச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பொருள், பக்கத்திலேயே யார் எப்போது சொன்னார்கள் என்ற குறிப்பு. அதன் ஒரே பிரதி அந்தக் கம்ப்யூட்டரில் டி என்ற பகுதியில் இருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். பிறகு என்றால், காலம் கடந்த பிறகு.

ஞாயிற்றுக்கிழமை காலை. வித்யாவும் மாமாவும் சாலைக் கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தார்கள். அத்தை எனக்குக் காப்பி கொண்டுவந்தார். தட்டில் டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு புத்தம்புதிய பென் டிரைவ், அட்டைகூடப் பிரிக்காமல்.

"இது போருமோ பாருங்கோ. நேத்துதான் வாங்கிண்டு வந்தேன்."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஓ.எஸ். போட பென் டிரைவ் வேண்டும் என்பது எனக்கே முந்தின நாள் வீடியோ பார்த்துத்தான் தெரியும். "தாராளமாப் போதும் அத்தை" என்றேன். உடனே என் லேப்டாப்பில் செருகி, ஓ.எஸ்.ஸை அதில் ஏற்றி முடித்தேன். அந்தப் பென் டிரைவ் எதற்காக வாங்கப்பட்டது என்ற கேள்வியை மட்டும் இங்கே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஆபீஸ் போன் வந்ததாகச் சொல்லி மூன்று முறை கொல்லைப்புறம் போனேன். கிணற்றடியில் நின்று வீடியோவில் அடுத்த கட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஓகே, ஓகே, டன்" என்று சத்தமாகச் சொல்லியபடி உள்ளே வருவேன். எந்தப் பட்டனை அழுத்தினால் பென் டிரைவிலிருந்து தொடங்கும் என்று தெரியாததால் கீபோர்டின் மேல்வரிசை முழுவதையும் தட்டினேன். ஏதோ ஒன்று வேலை செய்தது. திரையில் சி என்று ஒரு வரி, டி என்று ஒரு வரி, கீழே 'டெலீட்'. வீடியோக்காரர் சி-யோடு நிறுத்திக்கொண்டார். டி-யைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதாவது எனக்குக் கொஞ்சம் புத்தி இருந்தது. சமையலறை இருந்த திசையைப் பார்த்துக் கேட்டேன்.

"அத்தை, சி-யில புதுசு போடப் போறேன். டி-யை என்ன செய்யணும்?"

"டி-யை ஒழிச்சுப் போட்டுடுங்கோ மாப்பிள்ளை."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம. பாதி ஒழிச்சுப் பாதியை விட்டா அப்புறம் எனக்குத்தான் சங்கடம், கேட்டேளா?"

"நிச்சயமாத்தானே அத்தை?"

"நிச்சயமாத்தான். அதுக்குத்தானே நீங்கள் வந்திருக்கேள்."

மூன்று முறை கேட்டேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். டெஸ்டர் அல்லவா, உறுதி செய்துகொள்வது தொழில் தர்மம். இந்த வயதில் பழசையெல்லாம் இப்படி உதறிவிட எத்தனை பேருக்கு மனசு வரும் என்று அத்தையின் மேல் மதிப்புகூட வந்தது. டெலீட்டை அழுத்தினேன். 'நிச்சயமா?' என்று கம்ப்யூட்டர் என்னைக் கேட்டது. நிச்சயம் என்றேன். சி-யும் டி-யும் போய் ஒரே வெற்றிடமானது. அதில் ஓ.எஸ். அழகாக ஏறி உட்கார்ந்தது.

இத்தோடு விட்டிருந்தால்கூட ஏதாவது மிச்சமிருந்திருக்கும். ஆனால் நான் ஆர்வக்கோளாறு பிடித்தவன். அத்தைக்கு ஆச்சரியம் கொடுக்கலாமென்று எங்கள் கல்யாண வீடியோவைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். நான்கு காமிரா, இரண்டு நாள், ஒரு பிரேம்கூட வெட்டாத முழு வீடியோ. அந்த வெற்றிடத்தில் பெரும்பகுதியை அது நிரப்பியது.

மாமாவும் வித்யாவும் வந்தார்கள். கம்ப்யூட்டர் நொடியில் திறந்ததைப் பார்த்து மாமாவுக்குச் சிரிப்பு வாய் கொள்ளவில்லை. திரையில் ஏதோ மலையும் பனியும். "கல்லாறு தாண்டி பொன்முடி ஏறறச்ச இப்படித்தான் இருக்கும்" என்றார். அத்தை ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் நான் அதுவரை பார்க்காத சிரிப்பு, மேலதிகாரிச் சிரிப்பில்லை. எனக்கு மார்பு விம்மியது.

"ரொம்ப நன்னாருக்கு மாப்பிள்ளை. சரி, டி-யில இருந்ததையெல்லாம் எங்க ஒழிச்சு வெச்சிருக்கேள்?"

எனக்குப் புரியவில்லை. ஒழித்ததற்கு எங்கே என்று ஒரு கேள்வி உண்டா?

"ஒழிச்சுட்டேன் அத்தை" என்றேன்.

"அதான் கேக்கறேன். எங்க?"

"எங்கயும் இல்ல. ஒழிச்சுட்டேன்."

"ஒழிச்சேள் சரி. எதுல ஒழிச்சேள்?"

"எதுலயும் இல்ல அத்தை. ஒண்ணு விடாம ஒழிச்சுட்டேன். நீங்கதான சொன்னீங்க."

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். வித்யா கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"உங்க ஊர்ல ஒழிக்கறதுன்னா என்ன?" என்று கேட்டாள்.

"இல்லாம ஆக்குறது."

"எங்காத்துல அப்படி இல்லை" என்றாள். அவள் குரல் எங்கிருந்தோ வந்தது. "சாம்பார் மீந்துதுன்னா அதைச் சின்னப் பாத்திரத்துல மாத்தி பத்திரமா வெச்சுட்டு, பெரிய பாத்திரத்தைத் தேய்க்கப் போடுவோம். அதுக்குப் பேருதான் ஒழிக்கறது."

அத்தை ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "சின்னப் பாத்திரம்தான் வாங்கிக் கொடுத்திருந்தேனே."

பென் டிரைவ். நான் மறுபடி அந்த விருந்தாளி நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். டி-யில் என்ன இருந்தது என்பதை அப்போதுதான் வித்யா சொன்னாள். ஒன்பது வருஷம். ஆயிரத்து எழுநூறு சொல். சாரி என்று சொல்ல வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது. அதிர்ச்சியில் பேச்சு போகும் என்பதைக் கதைகளில் படித்து நக்கல் செய்திருக்கிறேன். இனி செய்ய மாட்டேன்.

அவர்கள் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். எங்கள் வீடாக இருந்தால் என் அம்மா அந்நேரம் தெருவே கேட்கும்படி பேசித் தீர்த்திருப்பாள், நானும் நிம்மதியாகி இருப்பேன். இங்கே மாப்பிள்ளையைத் திட்டும் வழக்கம் இல்லை. மாமா என் தோளில் கை வைத்து "சாரமில்லை மாப்பிள்ளை, சாரமில்லை" என்றார். மலையாளத்திலிருந்து வந்த சொல், பரவாயில்லை என்று பொருள். எனக்கோ அது என்னைப் பற்றிய சரியான மதிப்பீடாகவே கேட்டது. அத்தை இலை போட்டார். எதுவும் நடக்காதது போல எரிசேரி பரிமாறினார். "இன்னும் கொஞ்சம் பாயசம் விடட்டுமா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது, அழவும் செய்தேன். மிளகாய் என்று சொல்லிப் பார்த்தேன். (பாயசத்தில் மிளகாய்.)

மறுநாள் லீவு போட்டு, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். அழிந்ததை மீட்டுத் தருவதாகப் போர்டு வைத்திருந்த கடை. கடைக்காரர் மூன்று மணி நேரம் எதையெதையோ ஓட்டிப் பார்த்தார். கடைசியில் திரையில் ஒரு படம் வந்தது. நான் மாலையோடு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

"இது சாரல்லே?" என்றார்.

"நான்தான்."

"சாரே, கல்யாணம் முழுக்க உண்டு. அகராதியின்றெ மேலே கல்யாணம் கேறி இருந்து போயி." பிறகு துக்க வீட்டில் சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னார். "போயி சாரே. ஒக்கெப் போயி."

அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அகராதியின் மேல் கல்யாணம் ஏறி உட்கார்ந்துவிட்டது என்பதைவிடச் சுருக்கமாக அந்த வீட்டுக்கு நான் வந்த கதையை யாரும் சொல்ல முடியாது.

திரும்பி வந்து அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். சி-யும் தெரியாது, டி-யும் தெரியாது, கொல்லைப்புறத்தில் ஆபீஸ் போனும் வரவில்லை என்பது வரை. ஆனால் எனக்கு டைப் அடிக்கத் தெரியும், சனி ஞாயிறு வந்து அடித்துத் தருகிறேன், நீங்கள் மறுபடி சொல்லுங்கள் என்றேன். அத்தை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "உக்காந்துண்டு யோசிச்சா வராது. அடுக்களைக்கு வாங்கோ" என்றார்.

அப்படித்தான் எனக்கு அந்தச் சமையலறையில் அனுமதி கிடைத்தது. அத்தை ஒவ்வொரு பாத்திரமாக எடுப்பார், ஒவ்வொரு டப்பாவாகத் திறப்பார், சொல் வரும். நான் அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்து அடிப்பேன். தேங்காய் எண்ணெயைக் கையில் எடுத்தால் 'வெளிச்செண்ணெய்' வரும், கூடவே அதைச் சிந்தியவர் கதையும் வரும். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. ஆனாலும் பழைய கணக்குக்கு வந்து சேரவில்லை. சில சொற்கள் போனது போனதுதான். திடீரென்று பாதியில் நிறுத்தி, "இங்க ஒண்ணு இருந்தது" என்பார் அத்தை. அப்போதெல்லாம் எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கும்.

நான்காவது மாதமோ ஐந்தாவது மாதமோ, ஒரு சனிக்கிழமை. அறுபது சொல் அடித்து முடித்த களைப்பில் லேப்டாப்பை மூடப் போனேன். பின்னால் ஒரு குரல்.

"டேய். சேவ் பண்ணினயா?"

திரும்பிப் பார்த்தேன். கரண்டியோடு அத்தை. 'மாப்பிள்ளை' இல்லை, 'வாங்கோ போங்கோ' இல்லை. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, முகம் வெளிறிவிட்டது. நான் சேவ் பண்ணியிருக்கவில்லை. அதைச் சொன்னேன். அதன் பிறகு அத்தை பேசினார் பாருங்கள், ஒன்பது வருஷத்துக்கும் ஆயிரத்து எழுநூறு சொல்லுக்கும் சேர்த்து, பத்து நிமிஷம். மாமா ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார். அவ்வளவு திட்டையும் வாங்கிக்கொண்டு அன்று மூன்று தோசை அதிகமாகச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து நான் அந்த வீட்டில் 'டேய்'தான்.

இப்போதும் சாப்பாடு முடிந்து யாராவது சாம்பாரை ஒழிக்கச் சொன்னால், உடனே இன்னொருவர், "எந்த அர்த்தத்துல?" என்று கேட்பார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். என் ஐந்து வயது மகளும் பார்ப்பாள். அகராதி போன வருஷம் சின்னப் புத்தகமாக வந்தது. அதில் ஒரு பதிவை மட்டும் அத்தை சிரிக்காமல் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, நானே என் கையால் அடித்து, இரண்டு முறை சேவ் பண்ணினேன்:

ஒழித்தல்: 1. மீந்ததைச் சிறு பாத்திரத்தில் பத்திரமாக மாற்றி வைத்தல். 2. (பாண்டிப் பக்கத்து வழக்கு) அடியோடு இல்லாமல் செய்தல். எ.கா. மாப்பிள்ளை டி-யை ஒழித்தார்.