ஏழாவது கேள்வி

நாற்பத்து மூன்று மாணவிகளில் முப்பத்தொன்பது பேர் காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும், பேராசிரியர் வேங்கடசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை.

"சுஷ்மா, நீ போனது தாராவிக்குத்தானே?"

"ஆமாம் சார்."

"போன வருஷம் மாஹிம்ல எடுத்தப்போ இருபது பெர்சென்ட். நடுவுல ஒரு ரோடு. ரோட்டைத் தாண்டினதும் தொண்ணூறா ஆயிடுமா?"

சுஷ்மா விடைத்தாள்களை மறுபடி எண்ணிப் பார்த்தாள். பள்ளி மாணவியரின் உடல்நலப் பழக்கங்களும் மனநலமும் பற்றிய அவளுடைய ஆய்வு ஆறாவது ஆண்டில் இருந்தது. ஒருமுறை கெடு நீட்டித்தாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். அதற்குப் பேராசிரியர் கையெழுத்து வேண்டும். அவரோ ஏழாவது கேள்விக்குக் கிடைத்த விடையைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்ட மறுத்தார்.

"கேள்வியிலதான் கோளாறு. தமிழ்ல யார் எழுதினது?"

"அப்பா."

செம்பூர்க் கல்லூரியிலிருந்து மாட்டுங்கா வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சுஷ்மா அப்பாவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்.

அப்பா நாணு ரயில்வேயில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கேள்விகள் தாய்மொழியில் இருக்க வேண்டும் என்று கல்லூரிக் குழு சொன்னபோது அந்தப் பொறுப்பை வலிய ஏற்றுக்கொண்டவர். மாணவிகள் இங்கிலீஷ் மீடியம். தங்களுக்குள் ஹிந்தி பேசுவார்கள். தமிழ் வீட்டோடு சரி, எழுத்துக் கூட்டக்கூட வராது. ஆகவே நாணு எழுதினார், சுஷ்மா வாசித்தாள், மாணவிகள் 'ஆம்', 'இல்லை' கட்டங்களில் டிக் போட்டார்கள்.

"நாள்தோறும் காலைச் சிற்றுண்டி அருந்தும் வழக்கம் உண்டா? இதுல என்ன தப்பைக் கண்டுட்டார் உங்க சார்?" என்றார் நாணு.

"அருந்தறதுன்னா குடிக்கறதுப்பா. இட்லியை யாராவது குடிப்பாளா? அதான் எல்லாரும் இல்லைன்னு போட்டிருக்கா."

"அப்போ அவாளுக்குத் தமிழ் தெரியலைன்னு எழுதிடு. அதுவும் ஆராய்ச்சிதானே."

சுஷ்மா நேரடியாக விசாரித்துவிடலாம் என்று பள்ளித் தலைமையாசிரியைக்குப் போன் செய்தாள். அவர் பொறுப்பானவர். ஐந்தே நிமிடத்தில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார்: 'ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் பட்டினியாக வருவதாக ஆய்வில் தெரிகிறது. தாய்மார்கள் கவனிக்கவும்.'

மறுநாள் காலை சுஷ்மாவுக்கு அழைப்பு வந்தது. பெற்றோர் சங்கத் தலைவர் கலீலுல்லா. தோல் பை பட்டறை வைத்திருப்பவர். மகள் சாதியா அந்த வகுப்பில்தான் படிக்கிறாள்.

"மேடம், ஒரு எட்டு வீட்டுக்கு வாங்க. இப்பவே வாங்க."

பட்டறைக்கு மேல் வீடு. கலீலுல்லா நின்றுகொண்டிருந்தார்.

"நாப்பது பேருக்கு வேலை குடுக்கேன். எம்மவ பட்டினின்னு எழுதிட்டியளே மேடம். குரூப் பூரா பேசுதாங்க. இஜ்ஜத் போச்சு, மானம் போச்சு."

"பேர் எதுவும் எழுதலை பாய். மொத்தமாத்தான்..."

"மொத்தத்துல எம்மவளும் உண்டுல்லா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி நஸீரா இடியாப்பத் தட்டோடு வந்தார். "அவுக கெடக்காக. நீங்க இரிங்க. பசியாறிட்டுத்தான் போவணும்."

"வேண்டாம், எனக்குப் பசிக்கலை."

நஸீரா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "பசிக்கலன்னா பசியாறக் கூடாதா? காலைல எல்லாரும் பசியாறத்தான செய்வாங்க?"

மறுக்க முடியாமல் தட்டை வாங்கிய சுஷ்மாவின் கை இடியாப்பத்தில் நின்றது. "பசியாறறதுன்னா?"

"இதான். காலைல திங்கது. மத்தியானம் சோறு. ராத்திரியும் சோறு. நீங்க என்ன சொல்லுவிய?"

"காலைச் சிற்றுண்டி."

"அது என்ன, ஆஸ்பத்திரில குடுக்கதா?"

அருகில் சாதியாவின் அண்ணன் சாஹில் இரண்டாவது தட்டை முடித்துக்கொண்டிருந்தான். வயதுக்கு மீறிய உடம்பு. சாதியா பள்ளிக்குப் போயிருந்தாள்.

"ஆறு மணிக்குத் தண்ணி வரும்," என்றார் நஸீரா. "புள்ளையளுக்குத் தட்டுல வச்சிட்டுக் கொழாய்க்குப் போயிருவேன். வந்து பாத்தா ரெண்டு தட்டும் தொடச்சி வச்ச மாதிரி இருக்கும். இதுகளயா பட்டினின்னிய?"

சுஷ்மாவுக்குக் கண் திறந்துவிட்டது. பசி இல்லை, வார்த்தைதான் இல்லை. அன்றே ஏழாவது கேள்வியைத் திருத்தினாள்: 'தினமும் காலையில் பசியாறுகிறாயா? எத்தனை முறை? எப்போது?'

மறு ஆய்வில் கலீலுல்லாவின் தெருவைச் சேர்ந்த மாணவிகள் புரிந்ததாகத் தலையாட்டினார்கள். மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து வரும் பெண்களின் பக்கமிருந்து ஒரு கை எழுந்தது.

"அக்கா, பசிச்சாத்தான் எழுதணுமா?"

"இல்லைம்மா. அதாவது..." சுஷ்மா எல்லாருக்கும் புரியும் வார்த்தையைத் தேடினாள். "நாஷ்டா."

வகுப்பு முழுவதும் மலர்ந்தது. பேனாக்கள் ஓடின.

பேராசிரியர் இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை. கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"சராசரியா ஒரு நாளைக்கு நாலு தடவை காலைச் சிற்றுண்டி. போன வாரம் பஞ்சம், இந்த வாரம் கல்யாண வீடு."

"நாஷ்டான்னா கொறிக்கறதெல்லாம் சேர்ந்துடும் போலிருக்கு சார்."

"ஒரு மணிக்கு வடா பாவ். ரெண்டரைக்கு சமோசா. நாலுக்கு பேல் பூரி. ஸ்கூல் எத்தனை மணிக்கு விடறது?"

"பன்னெண்டு நாற்பதுக்கு சார்."

"அதுக்கு முன்னாடி ஒரு வரி கிடையாது. இதை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினா என்னைக் கேட்பா, காலைங்கறது எப்போ ஆரம்பிக்கறதுன்னு."

கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தது. சுஷ்மா கலீலுல்லாவையே போய்ப் பார்த்தாள். அவர் பட்டறையில் ஒரு பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

"சின்னப் புள்ளையள்ட்ட கேட்டா வெளங்குமா மேடம்? பெத்தவளுவள வச்சிக் கேளுங்க. சனிக்கெழம அம்புட்டுப் பேரையும் கூட்டிட்டு வாரேன்."

சொன்னபடி செய்தார். சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் நாற்பத்து மூன்று மாணவிகளும் நாற்பத்து மூன்று தாய்மார்களும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் சாட்சிக்கு டப்பா கொண்டுவந்திருந்தார்கள். சுஷ்மா வார்த்தைகளைக் கைவிட்டு, எளிமையாகக் கேட்டாள்: "தினம் காலைல ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுல ஏதாவது சாப்பிடறியா?"

ருக்சானா என்ற பெண் மட்டும் பேனாவைக் கட்டத்துக்கு மேல் சற்று நேரம் நிறுத்தி வைத்திருந்தாள். அவள் அம்மா தொண்டையைச் செருமினார். பேனா இறங்கியது.

நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்து மூன்று 'ஆம்'.

பேராசிரியர் கையெழுத்துப் போட்டதோடு நிற்கவில்லை. சொற்குழப்பத்தால் ஒரு வட்டாரமே பட்டினியாகத் தோன்றியதைத் தனி அத்தியாயமாக எழுதச் சொன்னார். மாநாட்டில் வாசிக்கலாம் என்றார். சுஷ்மா நான்கு நாளில் இருபத்திரண்டு பக்கம் எழுதினாள். ஆய்வேட்டிலேயே மிக நன்றாக வந்திருந்தது அந்த அத்தியாயம்தான்.

"நான் 'அருந்தும்'னு எழுதாட்டா நோக்கு இந்தச் சாப்டர் கெடச்சிருக்குமோ?" என்றார் நாணு. நன்றியுரையில் தன் பெயர் இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தார்.

கெடுவுக்கு ஒரு நாள் முன்பு ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, மறுநாள் சுஷ்மா நன்றி சொல்லப் பள்ளிக்குப் போனாள். கரும்பலகையில் சிற்றுண்டி, பசியாறல், நாஷ்டா என்று மூன்றையும் எழுதினாள். யாருக்கும் வாசிக்க வராது என்று நினைவு வந்து, தானே உரக்க வாசித்தாள். ஒரு சொல் புரியாமல் போனால் என்னவெல்லாம் ஆகும் என்று விளக்கினாள். மாணவிகள் மரியாதையாகக் கேட்டுக் கைதட்டினார்கள்.

வாசல்வரை வழியனுப்ப சாதியா வந்தாள்.

"அக்கா, புக்கு குடுத்தாச்சா?"

"நேத்தே கொடுத்தாச்சு."

"இனிமே மாத்த முடியாதுல்லா?"

"முடியாது. ஏன்?"

"அதுல எங்க பேரு வருமா?"

"வராது. யார் என்ன சொன்னான்னு வெளியில தெரியவே தெரியாது."

"உம்மாவுக்கும்?"

"யாருக்கும்."

சாதியா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை.

"சிற்றுண்டின்னா நாஷ்டான்னு எங்களுக்கு மொதல்லயே தெரியும்க்கா. மொதத் தாள்ல போட்டதுதான் நெசம். பசியாறிட்டு வந்தா நடுவுல பாத்ரூம் போவணும், எங்க ஸ்கூல் பாத்ரூமுக்குக் கதவு கெடையாது."